ஏற்றத்தில் நின்றுபோகும் வைப்பர்: பழைய கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

மலைநாட்டுப் பாதைகளில் ஐம்பதுகளின் கார்களை ஓட்டிய எவருக்கும் இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். மழை கொட்டுகிறது. கார் ஏற்றத்தில் திணறுகிறது. சாரதி எக்ஸிலேட்டரை அழுத்துகிறார். அந்த நேரம் பார்த்து வைப்பர் மெல்ல மெல்லத் தளர்ந்து கண்ணாடியின் நடுவிலே நின்றுவிடுகிறது. காலை எடுத்தால் வைப்பர் துள்ளி ஆடும், ஆனால் கார் நின்றுவிடும். பெருநாள் வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் லீவு கேட்கும் கடைப் பையனைப் போன்றது இந்த வைப்பர். வேலை இல்லாத நேரத்தில் அவனைப் போல் சுறுசுறுப்பானவன் கிடையாது.

இது வெக்யூம் வைப்பர், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் சக்தியினால் இயங்கும் வைப்பர். இதனை மின்சார வைப்பராக மாற்றுவது பற்றி அண்மைக் காலமாக எனது கடைக்கு வருபவர்கள் அடிக்கடி விசாரிக்கின்றனர். காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில், கொட்டிலுக்குள் தார்பாய் போட்டு மூடிக் கிடந்த பல பழைய வாகனங்கள் வெளியே வந்தன. இரும்பு விலைக்குப் போக வேண்டியவை மதிப்புள்ள சொத்தாக மாறின. அவற்றை வாங்குவோர், விற்போர், திருத்துவோர், உதிரிப்பாகம் தேடித் தருவோர் என்று ஒரு சிறு சந்தையே உருவாகியிருக்கிறது. எனவே இந்த வாரம் இவ்விடயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது?

கண்ணாடி துடைக்கும் கருவிக்கு 1903ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி அன்டர்சன் என்ற பெண்மணி. உள்ளே இருந்து கையால் பிடியை இழுத்தால் வெளியே றப்பர் அசையும். அவர் அதை ஒரு கனேடிய நிறுவனத்துக்கு விற்க முயன்றபோது, இதில் வியாபாரப் பெறுமதி இல்லை என்று பதில் கிடைத்தது. காப்புரிமைக் காலம் முடிந்து போனது. பிறகு உலகத்திலுள்ள ஒவ்வொரு காரிலும் வைப்பர் பூட்டப்பட்டது, ஆனால் அந்த அம்மையாருக்கு அதனால் ஒரு சதமும் வரவில்லை. சரக்கு நல்லதாக இருந்தாலும் சந்தை பிறப்பதற்கு முன் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அதற்குப் பிறகு நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஜோன் ஒய்ஷி என்பவர் மழையில் கார் ஓட்டும்போது ஒரு சைக்கிள்காரரில் மோதிவிட்டார். கண்ணாடி தெளிவாக இல்லாததே காரணம். அந்த அதிர்ச்சியே அவரை வைப்பர் தொழிலில் இறக்கியது. 1917இல் அவர் ஆரம்பித்த கம்பனிதான் பின்னர் ட்ரைக்கோ என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. எஞ்சினின் உறிஞ்சு சக்தியால் வைப்பரை ஆட்டும் முறையைச் செய்து காட்டியவர்கள் க்ளீவ்லண்ட் நகரத்து ஃபோல்பர்த் சகோதரர்கள். காப்புரிமை வழக்குகளுக்குப் பிறகு அந்தக் கம்பனியையும் ட்ரைக்கோவே வாங்கிவிட்டது.

ஜெர்மனியின் பொஷ் கம்பனி 1926இலேயே மின்சார வைப்பரைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அப்படியிருந்தும் வெக்யூம் முறை இன்னும் பல தசாப்தங்கள் நீடித்தது. அது மலிவானது என்பதே காரணம். அக்காலத்து 6 வோல்ட் பெற்றரிக்கும் சிறிய டைனமோவுக்கும் ஹெட்லைட்டே பெரிய சுமை. எஞ்சின் சும்மா உறிஞ்சும் காற்றைப் பயன்படுத்தினால் மின்சாரமும் வேண்டாம், பெரிய மோட்டாரும் வேண்டாம். 1953 முதல் 1959 வரை வந்த பிரித்தானிய ஃபோர்ட் 100இ ரக அங்லியா, ப்ரிஃபெக்ட் கார்களில் இந்த வைப்பர்தான் இருந்தது. 1959இல் அறிமுகமான 105இ அங்லியாவில்தான் மின்சார வைப்பர் வந்தது. யுத்தத்துக்குப் பிந்திய வில்லிஸ் சிஜே2ஏ ஜீப்பில் சாரதி பக்கம் வெக்யூம் வைப்பர், மற்றப் பக்கம் கையால் ஆட்டுவது. அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பனியின் சில கார்களில் எழுபதுகளின் ஆரம்பம் வரைகூட வெக்யூம் வைப்பரே இருந்தது.

நமது நாட்டில் 1977இல் பொருளாதாரம் திறந்து விடப்படும்வரை புதிய கார் என்பது எட்டாக்கனி. ஆகவே இந்த வாகனங்களை நமது பாஸ்மார் உயிர் கொடுத்து உயிர் கொடுத்து ஓட வைத்தார்கள். அதனால்தான் இன்றும் அவை இங்கே இருக்கின்றன.

எப்படி வேலை செய்கிறது?

எஞ்சின் ஓடும்போது இன்டேக் மெனிபோல்டுக்குள் காற்றழுத்தம் குறைந்து வெற்றிடம் உண்டாகிறது. அதிலிருந்து ஒரு சிறிய றப்பர் பைப் வைப்பர் மோட்டாருக்குப் போகும். மோட்டார் என்பது அரை வட்டப் பெட்டி, அதற்குள் ஒரு துடுப்பு. ஒரு பக்கம் உறிஞ்ச, மறுபக்கம் வெளிக்காற்று தள்ள, துடுப்பு நகரும். கடைசிக்குப் போனதும் ஒரு சிறு வால்வு திசையை மாற்றிவிடும். இவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

எக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது கரையோரப் பகுதியில் 18 முதல் 20 அங்குலம் வரை வெற்றிடம் இருக்கும். இது இரசமானியில் அளக்கும் கணக்கு. எக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் கார்பரேட்டரின் கதவு திறந்து காற்று தாராளமாக உள்ளே வரும், வெற்றிடம் ஏறக்குறைய இல்லாமல் போகும். வைப்பரும் நிற்கும்.

மலைநாட்டுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. உயரம் 1000 அடி கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறைகிறது. சுமார் 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. துடுப்பைத் தள்ளுவதே வெளிக்காற்றுதான். அதுவே மெலிந்துவிட்டால் வைப்பருக்கு எங்கே பலம்? கொழும்பில் ஒழுங்காக ஆடும் வைப்பர் றம்பொடையில் சோர்ந்து விடுவதன் இரகசியம் இதுதான்.

மாற்றுமுன் பாருங்கள்

கம்பளையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவரிடம் அவரது வாப்பா வாங்கிய 100இ ப்ரிஃபெக்ட் இருக்கிறது. வைப்பர் சரியாக வேலை செய்வதில்லை, மின்சாரத்துக்கு மாற்ற வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

“நானா, இவ்வளவு நாளும் வாப்பாட ஞாபகத்துக்குத்தான் வெச்சிருந்தேன். இப்ப மகன் நுவரெலியாவுக்கெல்லாம் கொண்டு போகப் போறேன் என்கிறான். மழையில அவனை அனுப்ப எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

நான் அவரை எனக்குத் தெரிந்த பாஸ் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அறுபது வயதைத் தாண்டியவர். காரைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “முதலாளி, முதல்ல பைப்பைப் பார்ப்போம். மோட்டாரக் கழட்டுறது பொறகு” என்பதுதான்.

பைப் பல இடங்களில் வெடித்திருந்தது. புதிய பைப் போட்டு, வைப்பர் தண்டுகளுக்கு எண்ணெய் விட்டதும் நின்ற இடத்தில் வைப்பர் நன்றாக ஆடியது. அது மட்டுமல்ல, நடுங்கி நடுங்கி ஓடிய எஞ்சினும் அமைதியானது. வெடித்த பைப்பினூடாகக் களவாகக் காற்றுப் போனால் பெற்றோல் கலவை மெலிந்து எஞ்சின் தடுமாறும். இதை அறியாமல் கார்பரேட்டரைக் கழற்றிச் செலவு செய்தவர்கள் பலர்.

மோட்டாருக்குள் இருக்கும் துடுப்பு காய்ந்திருந்தாலும் வைப்பர் சோரும். சில வாகனங்களில் பெற்றோல் பம்போடு சேர்த்து வெற்றிடத்துக்கென்று இரண்டாவது பகுதியும் இருக்கும். ஏற்றத்தில் வைப்பருக்குக் கைகொடுக்கவே அது. அதன் டயப்ரம் கிழிந்தால் எஞ்சின் ஒயிலை உறிஞ்சி மெனிபோல்டுக்குள் அனுப்பும், சைலன்ஸரில் நீலப் புகை வரும். ரிங் தேய்ந்துவிட்டது என்று நினைத்து எஞ்சினையே இறக்கி விடுவார்கள். கோளாறோ பம்பில் இருக்கும்.

நண்பரின் காரை மறுநாள் றம்பொடை வரை கொண்டு போய்ப் பார்த்தோம். சமதரையில் குறையில்லை. ஏற்றத்தில் பழைய கதைதான். இனி மாற்றுவதுதான் சரி என்று அதன் பிறகே முடிவெடுத்தோம். நண்பருடைய கார் மலைநாட்டில் ஓடும் கார். காலிமுகத்திடலில் கண்காட்சிக்கு மட்டும் போகும் காராக இருந்திருந்தால் பைப் மாற்றியதோடு நிறுத்தியிருப்போம்.

மாற்றும் முறை

முதலில் வாகனம் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்க்க வேண்டும். 12 வோல்ட் மோட்டாரை 6 வோல்ட்டில் பூட்டினால் பாதி வேகத்தில் பலமில்லாமல் அசையும். வெக்யூமை விட்டு அதை வாங்கியதில் பயனில்லை. அப்படியான வாகனத்தில் முழு வயரிங்கையும் 12 வோல்ட்டுக்கு மாற்றும் செலவையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஏர்த். அக்காலப் பிரித்தானியக் கார்களில் பல, பெற்றரியின் பிளஸ் முனையைப் பொடியில் இணைத்தவை. இன்றைய வாகனங்களில் மைனஸ் முனைதான் பொடியில். இப்போது கிடைக்கும் காந்த மோட்டார்களைப் பழைய காரில் அப்படியே பூட்டினால் மறுபக்கம் சுற்றும், நிறுத்தியதும் றப்பர் கீழே வந்து படுக்கும் ஏற்பாடும் குழம்பும். மோட்டாரின் உடல் காரில் தொடாதபடி றப்பர் வாஷர் வைத்து, இரண்டு வயர்களையும் தனியாக இழுக்கக்கூடிய மோட்டாரைத் தெரிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கார் முழுவதையும் மைனஸ் ஏர்த்துக்கு மாற்ற வேண்டும்.

மூன்றாவது, மோட்டாரின் வகை. வில்லிஸ் ஜீப்பில் கண்ணாடிச் சட்டத்திலேயே மோட்டார் இருக்கும், அதன் தண்டிலேயே வைப்பர் கை. இதற்கு, சட்டத்தில் நேரடியாகப் பூட்டி இடமும் வலமும் ஆடும் சிறிய மின் மோட்டார் போதும். திரிவீலர், ட்ரக்டர் உதிரிப்பாகக் கடைகளில் இந்த வகையைத் தேடலாம். 100இ போன்ற கார்களில் ஒரு மோட்டார் கம்பிகள் மூலம் இரண்டு தண்டுகளை அசைக்கிறது. அதற்குச் சுழலும் மோட்டாரும், சுழற்சியை ஆட்டமாக மாற்றும் கிராங்க் கையும் தேவை.

இந்தக் கிராங்க் கையின் நீளத்தில்தான் பெரும்பாலான கராஜ்களில் பிழை நடக்கிறது. வைப்பர் தண்டிலுள்ள கை 2 அங்குலம், மோட்டாரின் கிராங்க் 1 அங்குலம் என்றால் வைப்பர் சுமார் 60 பாகை ஆடும். அது போதாது. 90 பாகை வேண்டுமானால் கிராங்க் ஏறக்குறைய 1.4 அங்குலம் இருக்க வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் கூட்டினால் வைப்பர் கண்ணாடிச் சட்டத்தில் போய் அடிக்கும். கிராங்க் தண்டின் கைக்குச் சமமாக வந்தால் இறுகி நின்றுவிடும். எனவே பழைய வைப்பர் எங்கிருந்து எங்கே ஆடியது என்பதைக் கண்ணாடியில் குறித்து வைத்த பின்னரே அதைக் கழற்ற வேண்டும்.

நண்பரின் காரில் பாஸ் ஒரு துளை கூடப் புதிதாகப் போடவில்லை. பழைய மோட்டார் இருந்த போல்ட் துவாரங்களுக்கே பொருந்தும்படி தகடொன்று வெட்டி, அதன்மேல் புதிய மோட்டாரை வைத்தார். நண்பரின் மகன் டேஷ் போர்டில் ஒரு பிளாஸ்டிக் சுவிச்சுக்குத் துளை போடச் சொன்னான். பாஸ் விடவில்லை. டேஷ் போர்டின் அடியில் கைக்கு எட்டுமிடத்தில் சிறு தகடு வைத்து அதில் சுவிச்சைப் பூட்டினார்.

நான்காவது, மின்சாரம். பெற்றரிக்கு அருகிலேயே தனி பியூஸ் கட்டாயம். வெக்யூம் வைப்பருக்குப் பலமில்லை, தண்டு இறுகினால் பேசாமல் நின்றுவிடும். மின் மோட்டார் அப்படியல்ல, இறுகினாலும் தள்ளிக்கொண்டே இருக்கும். பியூஸ் இல்லாவிட்டால் வயர் சூடாகி எரியும், அல்லது தேய்ந்த பழைய கம்பிகள் வளையும். ஆகவே தண்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து கிறீஸ் போடாமல் புதிய மோட்டாரைப் பூட்டக் கூடாது.

டைனமோவின் கணக்கையும் பாருங்கள். இரவு மழையில் இரண்டு ஹெட்லைட்டுகளுக்கு 7 அல்லது 8 அம்பியர், மற்ற லைட்டுகளுக்கு 2, வைப்பருக்கு 3 அல்லது 4 என்று 12 முதல் 14 அம்பியர் வரை போய்விடும். அக்காலத்து டைனமோ ஓட்டத்தில் 20 அம்பியர் அளவில் தரும், ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒன்றுமே தராது. வாகன நெரிசலில் நின்று நின்று போகும்போது செலவெல்லாம் பெற்றரியின் முதலில் இருந்துதான் போகிறது. வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெற்றரி பழையதென்றால் அதையும் மாற்றுங்கள்.

கடைசியாக, மெனிபோல்டிலிருந்த பழைய வாயை மறக்காமல் மூட வேண்டும். அதற்குப் பித்தளைத் திருகு மூடிதான் சரி. றப்பர் கார்க்கை உள்ளே தள்ளி மூடிய ஒரு ஜீப்பை நான் பார்த்திருக்கிறேன். சூட்டில் அது சுருங்கி, எஞ்சின் நடுங்கத் தொடங்கியது. அந்த ஜீப்காரர் மூன்று கராஜ் ஏறி இறங்கிய பிறகே காரணம் தெரிந்தது. இரட்டைப் பெற்றோல் பம்ப் உள்ள வாகனமாக இருந்தால், அதே எஞ்சினுக்குரிய ஒற்றைப் பம்பைத் தேடிப் போடுவது சிறந்தது.

வேலை முடிந்ததும் காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓடவிடக் கூடாது. தண்ணீர் ஊற்றியே பரீட்சிக்க வேண்டும். நண்பரின் கார் மூன்று நாட்களில் தயாரானது. அடுத்த வாரமே றம்பொடை மழையில் எக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த வைப்பர் ஒரே சீராக ஆடியதாக நண்பர் தொலைபேசியில் சொன்னார்.

செலவும் விலையும்

மாற்றும் வேலைக்கு விலை கேட்கும்போது மோட்டாரின் விலையை மட்டும் கேட்பது நமது வழக்கம். உண்மையில் மோட்டார்தான் இதில் மலிவான பகுதி. தகடு வெட்டுவது, லேத்தில் கிராங்க் செய்வது, கம்பிகளைப் பொருத்துவது, வயர், பியூஸ், சுவிச், பாஸின் கூலி எல்லாம் சேர்ந்தால் மோட்டாரின் விலையைத் தாண்டிவிடும். கராஜ் வைத்திருப்பவர்கள் இவற்றை வெவ்வேறாக எழுதிக் கொடுப்பது நல்லது. மோட்டாரின் விலையைச் சொல்லி வாடிக்கையாளரை உள்ளே எடுத்து, பிறகு நாளுக்கொரு செலவு சொன்னால் அவர் அடுத்த முறை வரமாட்டார்.

இன்னொரு கேள்வியும் வருகிறது. மாற்றினால் வாகனத்தின் மதிப்புக் குறையுமா? அசல் நிலையை விரும்பும் சேகரிப்பாளர் நிச்சயமாகக் குறைத்தே கேட்பார். தினமும் ஓட்டப் போகிறவர் கூடுதலாகவே கொடுப்பார். இருவருக்கும் விற்கக்கூடியதாக வைத்திருப்பதுதான் கெட்டித்தனம். புதிய துளை போடாதீர்கள். கழற்றிய மோட்டார், பைப், போல்ட் அனைத்தையும் துடைத்து எண்ணெய் பூசி ஒரு பெட்டியில் வைத்து வாகனத்தோடு கொடுங்கள். ஒரு நாள் வேலையில் பழையபடி பூட்டலாம் என்றால் எவரும் விலை குறைக்க நியாயமில்லை. மாற்றிய விடயத்தை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவராகக் கண்டுபிடித்தால் ஏனைய பாகங்களிலும் சந்தேகம் வரும், அப்போது விழும் விலை வைப்பரோடு நிற்காது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

பஞ்சிகாவத்தையில் மோட்டார் கிடைக்கும். ஆனால் இந்த மாடலுக்கு இந்த மோட்டார், இந்த அளவுத் தகடு, இந்த நீளக் கிராங்க், பியூஸ், வயர், பித்தளை மூடி என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் விளக்கம் எழுதித் தருபவரை நான் இங்கு காணவில்லை. மேல்நாடுகளில் பழைய அமெரிக்க வாகனங்களுக்கு இவ்வாறான பெட்டிகள் செய்து விற்பதே ஒரு தொழில். இங்கே லேத் வைத்திருக்கும் ஒருவரும் உதிரிப்பாகக் கடைக்காரர் ஒருவரும் கூட்டுச் சேர்ந்தால் 100இ காருக்கும் வில்லிஸ் ஜீப்புக்கும் இப்படிச் செய்யலாம். முதலில் ஐந்து பெட்டி செய்து பாருங்கள். ஓடினால் அடுத்த ஐந்து.

இது வெறும் கற்பனையல்ல. பிரித்தானியாவின் பாத் நகரில் மொரிஸ் மைனர் கார்களைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயார் என்பவரின் கூட்டு முயற்சியில், 1990களில் அந்தக் காருக்கான பாகங்களை இலங்கையில் உற்பத்தி செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பும் தொழில் ஆரம்பிக்கப்பட்டது. வெள்ளைக்காரன் செய்து நமக்கு அனுப்பிய காருக்கு, நம்மவர் கைகளால் பாகம் செய்து திருப்பி அனுப்பிய கதை அது. பழைய வாகனங்களை விடாமல் ஓட வைத்த அனுபவம் நமது பாஸ்மாரிடம் இருக்கிறது. அவர்களில் பலர் இப்போது முதுமையை அடைந்துவிட்டனர். அவர்களோடு இரண்டு இளைஞர்களையாவது உட்கார வைத்து இந்தக் கைவேலையைப் படிப்பிக்காவிட்டால், பத்து வருடத்தில் காரும் இருக்கும், பணமும் இருக்கும், செய்து தர ஆள் இருக்காது.

பழைய வாகனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர மழை தொடங்கிய பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கராஜைத் தேடி ஓடுவார்கள். அப்போது வேலையும் அவசரமாக நடக்கும், கூலியும் கூடும். வெயில் காலத்திலேயே ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி, வைப்பரைப் போட்டு, எக்ஸிலேட்டரை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் வைப்பரின் நிலைமை தெரிந்துவிடும். பைப்போடு முடியும் வேலையா, மோட்டார் வரை போகும் வேலையா என்று ஆறுதலாகத் தீர்மானிக்க அப்போது உங்களுக்கு நேரமும் இருக்கும்.